குளிர்மலையில் கூடுதலாக ஒரு நாள்

அர்ச்சுனனுக்குப் பால்மரம் வெட்டத் தெரியாது. பேராக் ஆற்றங்கரையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஒன்பது வருஷம் இருந்தவனைப் பற்றி இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான். கப்பலிலிருந்து இறங்கி வந்த முதல் மாதமே அவன் வெட்டிய மரங்களின் பட்டையெல்லாம் காயமாகி, கங்காணி அவன் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். புல் வெட்டப் போட்டார்கள். புல் வெட்டப் போன இடத்தில், துரை பங்களாவின் வேலியோரம் காய்ந்து நின்ற ஒரு செம்பருத்தியின் கிளைகளை அவன்பாட்டுக்குக் கழித்துவிட்டு, அடியில் மக்கிய இலையைப் போட்டு வைத்தான். மூன்று வாரத்தில் அது துளிர்த்துவிட்டது. துரைசானி அதைப் பார்த்தாள். மறுநாளிலிருந்து அவன் பங்களாத் தோட்டக்காரன்.

அந்த எஸ்டேட்டுக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டு. பலகையில் எழுதியிருக்கும். ஆபீசில் கணக்கெழுதும் கிராணியைத் தவிர வேறு யாருக்கும் அது வாயில் நுழையாது. ஜனங்கள் ஆத்தோரத் தோட்டம் என்றுதான் சொன்னார்கள். துரை பங்களாவும் ஆபீசும் ஒரு மேட்டின்மேல் இருந்தன. மேட்டின் அடிவாரத்தில் ரப்பர் ஷீட் போடும் ஸ்டோர், அதன் பக்கத்தில் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் புகைக்கூடு. கூலிகள் குடியிருந்த லயங்கள் மூன்று வரிசையாக ஆற்றை ஒட்டிய பள்ளத்தில். தண்ணீர் மொள்ள வசதி என்று அங்கே கட்டியிருந்தார்கள்.

நடு லயத்தில் ஆறாவது கதவு அர்ச்சுனனுடையது. அவன் மனைவி இருளாயி, கை சுத்தமான பால் வெட்டுக்காரி. அவள் வெட்டிய மரத்தில் ஒரு காயம் காட்டமுடியாது. புருஷன் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிச் சம்பாதிக்கிறான் என்று மற்றப் பெண்கள் கேலி செய்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவர்களுக்கு வீரம்மா என்று நாலு வயதில் ஒரு மகள். பூவைக் கண்டால் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்ளும் பிள்ளை. பங்களாப் பக்கம் அவளைக் கூட்டிப்போக அர்ச்சுனனுக்குப் பயம். 1926-ஆம் வருஷம் டிசம்பரில் இருளாயிக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஆறு மாசம்.

துரைசானிக்கு ரோஜா ஆசை. பினாங்கிலிருந்து தருவித்த செடிகள் ஒவ்வொன்றாகக் கருகிப் போயின. அர்ச்சுனன் நிழல் போட்டுப் பார்த்தான், மண்ணை மாற்றிப் பார்த்தான், மாட்டுச் சாணத்தை ஆறவைத்துப் போட்டுப் பார்த்தான். எதுவும் இரண்டு மழை தாண்டவில்லை. அவள் ஒருநாளும் அவனைத் திட்டியதில்லை. காய்ந்த குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நிற்பாள், பிறகு உள்ளே போய்விடுவாள். அது அவனுக்குத் திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள மலையுச்சியில் ஒரு பூந்தோட்டம் இருந்தது. குளிர்நாட்டுச் செடிகளை வைத்து வளர்த்து, கேட்பவர்களுக்குக் கன்று கொடுப்பார்கள். கூலி ஜனங்கள் அந்த மலையைக் குளிர்மலை என்பார்கள். துரைசானி அங்கே கடிதம் எழுதிப்போட்டாள். கிறிஸ்மஸ் முடிந்ததும் ஆளை அனுப்பலாம் என்று பதில் வந்தது. அவள் ஒரு கடிதமும் துரையின் பழைய கம்பளிக் கோட்டும் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஏறி, திங்கட்கிழமை கன்றுகளை வாங்கிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை இறங்கிவிட வேண்டும் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினாள். இருளாயியிடமும் அவன் அதையேதான் சொன்னான். செவ்வாய்க்கிழமை பொழுதுசாய வந்துவிடுவேன் என்று.

கோலகங்சார் வரை மாட்டுவண்டி, அங்கிருந்து ரயில். மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கி ஏழு மைல் ஏறினான். பாதி வழியில் வெள்ளைக்காரர்களை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிப்போகும் தமிழர்கள் நாலு பேர் மூச்சு வாங்க நின்றிருந்தார்கள். அவர்களோடு பேசிக்கொண்டே மேலே போனான். போகப் போகக் காது குளிர்ந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டான். தன் வாயிலிருந்து புகை வருவதைப் பார்த்து, உடம்புக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஒரு கணம் பயந்தான். நாற்காலிக்காரர்கள் சிரித்தார்கள்.

பூந்தோட்டத்து மேஸ்திரியின் பெயர் சவரிநாதன். குன்னூர்ப் பக்கத்துக்காரர், வேதக்காரர், அர்ச்சுனனைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். அவர் அறையில் கிறிஸ்மஸுக்கு வைத்த குடில் இன்னும் இருந்தது. பாசியும் பெரணியும் வைத்துக் கட்டியிருந்தார். கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, வறக்காப்பியும் பண்டிகைக்குச் சுட்ட அதிரசமும் கொடுத்தார். அர்ச்சுனனை அண்ணே என்றே கூப்பிட்டார். தமிழ் பேசும் ஒரு தோட்டக்காரனை மாசக்கணக்கில் பார்க்காத ஏக்கம் அவர் பேச்சில் தெரிந்தது. அவருக்குக் கீழே வேலை செய்தவர்கள் கூலிகளே தவிர, செடிமேல் பிரியம் வைத்தவர்கள் இல்லையாம்.

திங்கட்கிழமை முழுதும் அர்ச்சுனன் தோட்டத்தைப் பார்த்தான்.

மலைச்சரிவைப் படி படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் ஒரு வகைச் செடி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் தகரத் தகட்டில் பெயர். பந்து பந்தாகப் பூக்கும் ஒரு செடி, ஒரே புதரில் ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் ரோஸாகவும் பூத்திருந்தது. மண்ணில் என்ன போட்டிருக்கிறதோ அதைப் பொறுத்து நிறம் மாறும் என்றார் சவரிநாதன். தென்னை மாதிரி அடிமரம் விட்டு ஆளுயரத்துக்கு மேல் குடைவிரித்த பெரணிகள். பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடி. வெள்ளைக்காரர்கள் சரளைப் பாதையில் குடைபிடித்து நடந்து வந்தால், இவர்கள் படிக்குக் கீழே இறங்கி நிற்க வேண்டும். அவர்கள் போனதும் மறுபடி ஏறுவார்கள். அர்ச்சுனனுக்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

கூரை போட்ட ஒரு கொட்டகையில் ஈர மணல்மேல் வெறும் இலைகளைப் பரப்பி வைத்திருந்தார்கள். இலையின் நரம்பைக் கீறிய இடத்திலெல்லாம் பொட்டுப் பொட்டாகக் குட்டிச் செடி முளைத்திருந்தது. வேரும் இல்லை, தண்டும் இல்லை. வெறும் இலை. அர்ச்சுனன் அதன்முன் குந்தியபடி வெகுநேரம் இருந்தான்.

மத்தியானம் சவரிநாதன் அவனைத் தோட்டத்தின் கிழக்கு ஓரத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து பார்ப்பதற்கு ஓர் இரும்பு பெஞ்சு. அதன் பின்னால் நின்று இருவரும் பார்த்தார்கள். மேகம் விலகியிருந்தது. பத்துப் பன்னிரண்டு மைலுக்கு அப்பால் பேராக் ஆறு கயிறு மாதிரி வளைந்து கிடந்தது. அதன் வளைவில் ஒரு மேடும், மேட்டின்மேல் சிவப்பாக ஒரு கூரையும், கீழே புகைக்கூட்டிலிருந்து நேராக எழும் ஒரு புகையும் அர்ச்சுனனுக்குத் தெரிந்தன. தன் வீடு அந்தப் புகைக்கு இடதுபக்கம் என்று சவரிநாதனுக்கு விரல் நீட்டிக் காட்டினான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் வேறு இருந்ததில்லை. பின்னால் அவனே அப்படிச் சொன்னான். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டான்.

துரைசானியின் ரோஜா ஏன் சாகிறது என்பதைச் சவரிநாதன் ஒரே பேச்சில் சொல்லிவிட்டார். சீமை ரோஜாவின் வேர் கீழ்நாட்டுச் சூட்டைத் தாங்காது. காட்டு ரோஜாவை முதலில் வேர்விடச் செய்து, அதன் பட்டையைக் கீறி, நல்ல ரோஜாவின் துளிர்விடும் கண் ஒன்றை உள்ளே சொருகி, நார் சுற்ற வேண்டும். வேர் ஒன்று, பூ ஒன்று.

"நாளைக்கு அம்பது கன்னுக்குக் கண்ணு வைக்கிறேன். கூடவே உக்காந்து பழகிட்டுப் போங்கண்ணே. ஒரு நாள்தானே."

அர்ச்சுனன் யோசித்தான். செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு வந்ததை நினைத்தான். துரைசானி கோபித்துக்கொள்ள மாட்டாள், வேலை கற்றுக்கொண்டு போனால் சந்தோஷப்படுவாள். இருளாயி ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள், அவ்வளவுதான். பூச்செடி தொட்ட ஒன்பது வருஷத்தில் அவனுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லாம் சாகடித்துக் கற்றுக்கொண்டதுதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. நாற்காலிக்காரர்கள் கீழே இறங்கும் வழியில் கொட்டகைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"கீழ வாறியா மச்சான்? மழை ஏறும்போல இருக்கு," என்றான் ஒருவன்.

"நாளைக்கு வாரேன்," என்றான் அர்ச்சுனன்.

அவர்கள் போனார்கள். அவன் உட்கார்ந்து பதினொரு கன்றுக்குக் கண் வைத்தான். முதல் மூன்றும் பட்டை கிழிந்து வீணாயின. நாலாவதிலிருந்து சரியாக வந்தது. மரத்தில் காயம் போடுகிறான் என்று கத்தியைப் பறிகொடுத்தவன், இப்போது அதே மாதிரி ஒரு கத்தியால் பட்டையை நூலிழைபோலக் கீறினான். சவரிநாதன் வாங்கிப் பார்த்து, இதற்குமேல் தன்னாலும் வைக்க முடியாது என்றார்.

இரண்டு மணிக்குமேல் மழை பிடித்தது. கொட்டகைக் கூரையில் விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. அது நிற்கும் என்று பார்த்தார்கள். நிற்கவில்லை. விடிந்தபோது மலைப்பாதையில் மூன்று இடம் இல்லை என்று சொன்னார்கள். சரிந்து, மரத்தோடும் கல்லோடும் கீழே போய்விட்டது. கீழே பேசுவதற்கு இருந்த டெலிபோன் கம்பியும் அறுந்துவிட்டது.

புதன்கிழமை அர்ச்சுனன் பெரிதாகக் கலங்கவில்லை. இருளாயிக்கு என்ன சமாதானம் சொல்வது என்பதுதான் அவன் கவலை. பூந்தோட்டத்துத் துரை எல்லோரையும் வேலைக்கு விரட்டினார். படிகளின் மண் கரையாமல் சாக்கில் மண் கட்டி அடுக்க வேண்டும், பெரணிக் கொட்டகைக் கூரையைக் கயிறு போட்டு இழுத்துக் கட்ட வேண்டும். அவனும் செய்தான். மத்தியானத்துக்குமேல் கொஞ்சநேரம் மேகம் கிழிந்தது. யாரோ கிழக்கு ஓரத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

அவன் போய்ப் பார்த்தான். ஆற்றைத் தேடினான். கயிறு மாதிரி இருந்த ஆற்றைக் காணோம். இரண்டு பக்கத்துக் குன்றுகளுக்கு இடையில் இருந்ததெல்லாம் ஒரே தண்ணீர். செம்மண் நிறத்தில், அசையாததுபோல, தகடு விரித்த மாதிரி கிடந்தது. அதன் நடுவில் ஒரு சின்ன மேடும் சிவப்புக் கூரையும் இருந்தன. மேட்டின் அடிவாரம் இல்லை. புகை இல்லை.

மேகம் மறுபடி மூடிக்கொண்டது. அவன் அங்கேயே நின்றான். சவரிநாதன் வந்து தோளைத் தொட்டபோது, லயத்துக் கூரை தெரிகிறதா பாருங்கள், உங்களுக்குக் கண் கூர்மை என்றான். சவரிநாதன் வெள்ளை மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வியாழக்கிழமை காலையில், துரையிடம் போய் இறங்க விடும்படி கேட்கச் சவரிநாதனிடம் சொன்னான். அவரும் அவனுக்காக இங்கிலீஷில் கேட்டார். வழி பார்க்கப் போகும் ஆள் திரும்பி வரும்வரை யாரும் இறங்கக்கூடாது, செத்தால் பதில் சொல்வது யார் என்றாராம் துரை. அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அர்ச்சுனன் சாயங்காலம் யாரிடமும் சொல்லாமல் ஒரு மம்பட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினான். முதல் சரிவை மேலே ஏறிச் சுற்றிக் கடந்தான். இரண்டாவதில் தொடைவரை சேற்றில் புதைந்தான். காலை இழுக்க இழுக்க உள்ளே போனது. ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு, இடுப்புத் துணி சேற்றோடு போக, எப்படியோ ஊர்ந்து வந்த பக்கமே கரைசேர்ந்தான். எதிர்ப்பக்கம் பாதை தொடர்ந்து கீழே போவது தெரிந்தது. கை விரித்து அளந்தால் இருபது பாகம்தான் இருக்கும். அந்த இருபது பாகத்தைத் தாண்ட முடியவில்லை. இருட்டுவதற்குள் மேலே திரும்பிவிட்டான்.

பிறகு அவன் செய்ததெல்லாம் கிழக்கு ஓரத்தில் நிற்பதுதான். கூப்பிட்டால் வந்து வேலை செய்தான். விட்டால் திரும்பிப் போனான். மேகம் ஒரு நாளைக்கு இரண்டு முறை, மூன்று முறை விலகும். வெள்ளிக்கிழமையும் அதே தண்ணீர். சனிக்கிழமை, மேட்டின்மேல் பங்களாப் பக்கத்திலிருந்து மெல்லிசாக ஒரு புகை எழுந்தது. யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறார்கள். ஒரு அடுப்புக்கு வரும் புகை அல்ல அது, பத்து அடுப்பாவது எரிய வேண்டும் என்று சவரிநாதன் கணக்குச் சொன்னார். அப்படியானால் லயத்து ஜனங்கள் மேட்டில் ஏறிவிட்டார்கள். அர்ச்சுனன் அதைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கு இரண்டு வாய் சோறு தின்றான்.

அவனுக்கு முன்னால் அந்த இரும்பு பெஞ்சில், மலைக்கு ஓய்வெடுக்க வந்த ஒரு வெள்ளைக்காரியும் உட்கார்ந்து தூரக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணாடியை ஒருமுறை கேட்கலாமா என்று அவனுக்குத் தோன்றியது. கேட்க வாய் வரவில்லை. அவள் எழுந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை சரிவுகளில் கயிறு கட்டி ஆட்களை இறக்கினார்கள். கன்றுகளைப் பாசியில் பொதிந்து கூடையில் வைத்துச் சவரிநாதன் நீட்டினார். அர்ச்சுனன் கையைக்கூட நீட்டவில்லை. கீழே ரயில் இல்லை. பாலங்கள் போயிருந்தன. தண்டவாளத்தின்மேலேயே நடந்தான். ஆற்றுப் பக்கம் வந்ததும் ஒரு மலாய்க்காரர் தம் படகில் ஏற்றிக்கொண்டார். எந்த லாடாங், எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னதும் துடுப்பை ஒருமுறை நிறுத்தினார். பிறகு வேகமாக வலித்தார்.

தண்ணீர் வடியத் தொடங்கியிருந்தது. ரப்பர் மரங்களில் ஆள் உயரத்துக்குமேல் சேற்றுக்கோடு. பால் வடியக் கட்டிய மங்குகளில் மண். லயங்கள் இருந்த இடத்தில் மரக்கால்கள் மட்டும் நட்டுக்கொண்டு நின்றன. ஸ்டோரின் மேல்தட்டில், மேட்டிலிருந்து இறங்கி வந்த ஜனங்கள் ஷீட்டுக் காயப்போடும் மூங்கில்களுக்கு நடுவே படுத்திருந்தார்கள். இருளாயி ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயிறு இருந்தது. மடி காலியாக இருந்தது.

அவன் அவள் பக்கத்திலும் பின்னாலும் பார்த்தான். மற்றவர்களின் பிள்ளைகள் படுத்திருந்த இடத்தைப் பார்த்தான்.

"பாக்காத," என்றாள் இருளாயி. "புள்ள இல்ல."

அவள் சொன்னது இது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தண்ணீர் வாசலுக்கு வந்தது. ஆற்றில் அப்படி வருவது வழக்கம் என்று எல்லோரும் சாமானைத் தட்டில் ஏற்றிவைத்துவிட்டு இருந்துவிட்டார்கள். புதன்கிழமை வெளுக்கும்போது இடுப்பளவு ஆகிவிட்டது. ஆண்கள் லயத்துத் தூணிலிருந்து ஸ்டோர் வரை மரத்துக்கு மரம் ஒரு கயிறு கட்டினார்கள். ஒவ்வொருவனும் ஒரு பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தன் பெண்டாட்டியைப் பிடித்துக்கொண்டு போனான். இருளாயி தன் பிள்ளையைத் தானே தோளில் வைத்துக்கொண்டாள். கங்காணி, பக்கத்துக் கதவுக் கிழவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வருவதாகச் சொன்னார். தண்ணீர் ஏறியதால் அவள் காத்திருக்கவில்லை. பாதி வழியில் ஒரு மரம் மிதந்து வந்து முதுகில் மோதியது.

"ஒரு கையில கயிறு, ஒரு கையில புள்ள," என்றாள். "கயிறு கையிலயே இருந்துச்சு."

பிறகு அவள் கேட்டாள்.

"செவ்வாக்கிழமை வாரேன்னு சொன்னியே."

"பாதை விழுந்துருச்சு."

"எப்ப?"

"அன்னிக்கே," என்றான் அர்ச்சுனன். "நான் இறங்க வேண்டிய அன்னிக்கே."

அவள் தலையசைத்தாள். நம்பினாள். அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அப்போது திருப்பி எடுத்திருக்கலாம். பக்கத்தில் படுத்திருந்த ஒரு கிழவி அழத்தொடங்கினாள், இருளாயி அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

எட்டு நாள் ஆற்றங்கரை நெடுகத் தேடினான். கம்பம் என்று சொல்லும் பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்கள் தங்கள் ஆட்களின் பிணங்களைத் தேடும்போது அவனையும் கூப்பிட்டுக் காட்டினார்கள். வீரம்மா கிடைக்கவில்லை.

தோட்டத்தில் லயங்களை மேட்டுப்பக்கம் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள். மார்ச் மாதம் இருளாயிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. சீனி என்று கூப்பிட்டார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் துரைசானி அர்ச்சுனனைக் கூப்பிட்டனுப்பினாள். அவள் நல்லவள். வெள்ளத்தின்போது லயத்துப் பெண்களைப் பங்களா வராந்தாவில் படுக்க வைத்து, தன் கையால் கஞ்சி ஊற்றியவள். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அதுதானோ என்னவோ, மலைக்குப் போய்ச் செடி வாங்கி வா, தோட்டத்தைப் புதிதாகப் போடுவோம், உனக்கும் மனசு மாறும் என்று சொன்னாள். கிராணி அதைத் தமிழில் சொன்னார். அர்ச்சுனன் கேட்டுக்கொண்டான். சரி என்று கும்பிட்டுவிட்டு வந்தான். மறுபடி கூப்பிட்டபோது, போகிறேன் என்றான். மூன்றாம் முறை அவள் கூப்பிடுவதற்குள், பிள்ளை பெற்று இருபது நாள் ஆன இருளாயியையும் அழைத்துக்கொண்டு ஈப்போவுக்குப் போய்விட்டான்.

ஈப்போவை ஒட்டிச் சுண்ணாம்புக்கல் குன்றுகள் உண்டு. அங்கே ஒரு சீனர் வைத்திருந்த சூளையில் கல் உடைக்கும் வேலை கிடைத்தது. இருளாயி கல் சுமந்தாள். பலகை வீடு. வாசலில் எல்லோரும் கீரையோ மிளகாயோ போட்டிருந்தார்கள். இவர்கள் வாசலில் ஒன்றுமில்லை. தோட்டக்காரனாக இருந்தவன் என்று யாருக்கும் அவன் சொல்லவில்லை. இருளாயி சிலசமயம், பாதை விழாமல் இருந்திருந்தால் என்று தொடங்குவாள். அவன் எழுந்து வெளியே போய்விடுவான். துக்கத்தில் போகிறான் என்று அவள் நினைத்துக்கொள்வாள். பாதை விழுந்ததற்கு அவன் என்ன செய்வான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியும் இருக்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அர்ச்சுனனுக்கு வாய்வரை வந்து நின்றுவிடும். அவனால் சொல்ல முடியவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. அப்படியே இரண்டரை வருஷம் போயிற்று.

1929-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சவரிநாதன் வந்தார். மாதா கோயில் திருநாளுக்கு ஈப்போ வந்தவர், சூளைக் கூலிகளிடம் கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்திருந்தார். மலையில் விளைந்த இரண்டு முட்டைக்கோஸ் கொண்டுவந்திருந்தார். அர்ச்சுனன் அவரை வாசலில் பார்த்ததும் எழுந்து நின்றான். உட்காரச் சொல்லவும் தோன்றவில்லை. இருளாயிதான் பலகையைப் போட்டுச் சோறு வைத்தாள்.

சவரிநாதன் சோற்றில் கை வைக்கவில்லை.

"அக்கா, மன்னிச்சுக்குங்க," என்றார். "அந்தச் செவ்வாக்கிழமை அண்ணன் இறங்கியிருப்பாரு. நான்தான் ஒரு நாள் இருங்கன்னு சொன்னேன். பாவசங்கீர்த்தனத்துல மூணு தடவை சொல்லிட்டேன். சாமியார் அது பாவமே இல்லைங்கறாரு. உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன்."

அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்தபிறகு அர்ச்சுனனைப் பார்த்தார். அர்ச்சுனன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாம் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"சாப்பிடுங்க தம்பி. ஆறிப்போகுது," என்றாள் இருளாயி.

அவர் சாப்பிட்டார். சீனிக்கு ஒரு வாய் ஊட்டினார். ஸ்டேஷனுக்குப் போகும்போது அர்ச்சுனன் தெருமுனைவரை கூடப் போனான். திரும்பி வந்தபோது இருளாயி தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாதை இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அவரு புடிச்சு வச்சாரா?"

"இல்ல. நானாத்தான் இருந்தேன். ஆசையா இருந்துச்சு."

என்ன ஆசை என்று அவள் கேட்டாள். அவன் சொன்னான். காட்டு ரோஜாவின் பட்டையைக் கீறி இன்னொரு ரோஜாவின் கண்ணை வைப்பது. பதினொன்று வைத்தது. மூன்று கிழிந்தது. சொல்லச் சொல்ல அது அவனுக்கே மிகச் சின்ன விஷயமாகத் தெரிந்தது. பாதியில் நிறுத்தினான். அவள் மேலே சொல்லச் சொன்னாள். நீலமும் ரோஸுமாகப் பூத்த புதரைச் சொன்னான், இலையில் முளைத்த செடியைச் சொன்னான், பெஞ்சுக்குப் பின்னால் நின்று தன் வீட்டைக் காட்டியதைச் சொன்னான். அவள் அழவில்லை. ஏசவும் இல்லை. ஏசினால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

பிறகு அவள் சொன்னாள்.

"நீ இருந்திருந்தா புள்ள உன் தோள்ல இருந்திருக்கும். மரம் உன் முதுகுல மோதியிருக்கும். நீ புடிச்சிருப்பியோ, நீயும் சேந்து போயிருப்பியோ. எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியல," என்றான் அர்ச்சுனன்.

அவள் அவனை விட்டுப் போய்விடுவாள் என்று கொஞ்சநாள் பயந்தான். போகவில்லை. மறுநாள் இருவரும் வழக்கம்போல ஒரே நேரத்தில் சூளைக்குப் போனார்கள். வேலையிலும் வீட்டிலும் அவள் முன்பு மாதிரியேதான் இருந்தாள். ஆனால் வேறு ஏதோ செய்துகொண்டிருக்கும்போது, கல் கூடையை இறக்கும்போது, சீனிக்குத் தலை வாரும்போது, நிமிர்ந்து அவனைக் கேட்பாள். அன்னிக்குக் காலையில மழை எப்படி இருந்துச்சு என்று. தூறல்தான் என்பான் அவன். நாற்காலிக்காரங்க எத்தனை மணிக்கு இறங்கினாங்க என்று கேட்பாள். ஏழு மணி இருக்கும் என்பான். அவள் மனசுக்குள் அந்த வழியை அளப்பது அவனுக்குத் தெரியும். ஏழு மணிக்கு இறங்கினால் பத்து மணிக்கு அடிவாரம், மத்தியான ரயில், பிறகு வண்டி, பொழுதுசாய வீடு. அவள் தலையை அசைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து, அதே கேள்வியை மறுபடி கேட்பாள். அவனும் ஒரு வார்த்தை மாற்றாமல் அதே பதிலைச் சொல்வான்.